சீக்குக் கோழியும் சரியில்லாத உடம்பும்: ரங்கூனில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இந்த வயதில் நான் ஏன் மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன் என்பது புரியும். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குப் பேப்பர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் இருக்கிறேன். மேலதிகாரி சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கிறார், இங்கிலாந்துக்காரர், நல்ல மனுஷன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் ஆபீஸிலேயே குளிரெடுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் சுருண்டவன், மறுநாள் காலை அவருக்கு மெயில் போட்டேன்: ‘ஐ வாஸ் சிக் இன் தி ஆபீஸ் எஸ்டர்டே.’ வேலையில் இருக்கும்போதே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி, வெளியில் எதையாவது சாப்பிட்டாயா, அப்புறம் கார்ப்பெட்டை யாராவது சுத்தம் பண்ணினார்களா?

எங்கள் ஆபீஸில் கார்ப்பெட்டே கிடையாது, சிமென்ட் தரை. பக்கத்து மேசைக்காரரிடம் மெயிலைக் காட்டினேன், அவரும் முழித்தார். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. இங்கிலாந்துக்காரர்கள் காதில் ‘வாஸ் சிக்’ என்பது பெரும்பாலும் ‘வாந்தி எடுத்தேன்’ என்றுதான் விழுமாம். ஆக, ஆபீஸ் நடுவில் வாந்தி எடுத்துவிட்டு அதை மறுநாள் மெயில் போட்டு வேறு அறிவித்திருக்கிறேன்.

எனக்கு அதுவரை தெரிந்தது இவ்வளவுதான்: சிக் (sick) என்றாலும் இல் (ill) என்றாலும் ஒன்று, எது வாயில் வருகிறதோ அதைப் போடு. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே பர்மியச் சொல்லை எழுதிப் போட்டார்கள், மனப்பாடம் பண்ணினோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம்.

இந்தக் கூத்துக்குப் பிறகு போனில் ஒரு ஆப் போட்டேன். ஒரு வாரம் முழுக்க ஆப்பிள் தின்னும் பையனைப் பற்றியே பேசியது, எடுத்துவிட்டேன். அப்புறம் ஏசி போட்ட ஒரு சென்டரில் காசு கட்டினேன். பெயர் வேண்டாம். பளபளவென்று பெரிய டிவி, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை, பை, பேனா எல்லாம் கொடுத்தார்கள். அங்கிருந்த வாத்தியாரிடம் சிக்குக்கும் இல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ‘சிக் பேச்சுக்கு, இல் எழுத்துக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரி, அப்படியானால் எழுத்தில் இருக்கும் ஆபீஸ் ஃபாரத்தில் ஏன் ‘சிக் லீவ்’ என்று போட்டிருக்கிறார்கள், ‘இல் லீவ்’ என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லையே என்றேன். அது அப்படித்தான் என்றார். கட்டின காசுக்குப் பேனா மிச்சம்.

காளி கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அம்மாதான் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். ‘எதுக்குத் தம்பி அங்கெல்லாம் போய்க் கொட்டுறே, நம்ம டீச்சரம்மாகிட்டப் போ’ என்று வழியும் சொன்னார். அனோரதா சாலையிலிருந்து உள்ளே போகும் குறுக்குத் தெருக்களில் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு, நான்காவது மாடி. போர்டு கிடையாது. டீச்சர் தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் டீச்சர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் வகுப்பில் இருக்கும் பர்மியப் பிள்ளைகளுக்கு அவர் சயாமா, நமக்கு டீச்சர், அவருக்கு நாமெல்லாம் தம்பி, பாப்பா, கோபம் வந்தால் ‘துரை’.

ரங்கூனுக்கு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பழைய கட்டடங்களில் ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை அதில் மாட்டுவார், சாவியை அதில் இறக்குவார்கள். டீச்சர் வீட்டுக் கயிற்றின் மேல்முனையில் ஒரு வெண்கல மணி கட்டியிருக்கிறது. இழுத்தால் மேலே மணி அடிக்கும், டீச்சர் எட்டிப் பார்ப்பார், கிளிப்பில் கீழ்க்கதவுச் சாவி இறங்கி வரும். நான் முதல்நாள் இழுத்தபோது சாவிக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு கேள்வி: ஏன் வந்தாய்? ஒரு முழு வாக்கியம் எழுதிக் கிளிப்பில் மாட்டு. இதுதான் நுழைவுத் தேர்வு. நடுத்தெருவில் பஜ்ஜிக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலில் சீட்டை வைத்து எழுதினேன். ‘பிகாஸ் ஐ வாஸ் சிக் இன் தி ஆபீஸ்.’ மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவி வந்தது.

டீச்சர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ராணுவத் தளபதி நெவின் ஆட்சியில் இங்கிலீஷைக் கீழே தள்ளிவைத்திருந்தார்கள் என்பதும், 1981ல் மறுபடி பாலர் வகுப்பிலிருந்தே கொண்டுவந்தார்கள் என்பதும் இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் திருப்பத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் இவர். என் அப்பா தலைமுறை அதற்கு முந்தியது, அவருக்கு இங்கிலீஷ் என்றால் கடைப் பெட்டிமேல் இருக்கும் எழுத்து மட்டும்தான். அதனாலோ என்னவோ டீச்சருக்கு இலக்கண விதி எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்வதில் நம்பிக்கையே இல்லை. உன் வாயில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்குவார். தமிழனிடம் தமிழிலிருந்து, பர்மியரிடம் பர்மியத்திலிருந்து.

சிக்கையும் இல்லையும் எப்படிப் பிரித்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பு எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே போதும்.

மூன்றாவது வாரம். கரண்ட் இல்லை. சார்ஜ் பண்ணின பல்பு ஒன்று பலகைக்கு மேலே, பதினான்கு பேர் பத்துப் பேர் இடத்தில். டீச்சர் தமிழ்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ‘கோழி ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில நின்னா உங்க ஆத்தா என்ன சொல்லுவாங்க?’ என்றார். நாலு பேரும் ஒரே குரலில், சீக்குக் கோழி. ‘எந்நேரமும் படுத்தே கிடக்கிற மாமாவை?’ சீக்காளி. ‘அந்தச் சீக்கு யாரு வீட்டுச் சொல்லு?’ யாருக்கும் தெரியவில்லை. அது இங்கிலீஷ் சிக்தானாம், எப்போதோ நாம் வாங்கி, இழுத்து, வால் ஒட்டி, சொந்தமாக்கிக்கொண்டோமாம். இத்தனை வருஷம் அது சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேள்வி: ‘உங்களுக்கே காய்ச்சல்னா என்ன சொல்லுவீங்க?’ உடம்பு சரியில்லை. ‘அந்த வாக்கியத்துல இல் எங்க இருக்கு?’ கடைசியில். ‘அவ்வளவுதான், எழுதிக்கோ’ என்றார்.

நான் முதலில் இதை வெறும் சொல்விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இல்லை, கச்சிதமாகப் பொருந்துகிறது. சீக்கு கோழிக்கு முன்னால் வருகிறது. இங்கிலீஷிலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்க வேண்டுமென்றால் சிக்தான்: சிக் சைல்ட், சிக் மேன், சிக் லீவ், சிக் பே, சிக் நோட். நம் இல்லை வாக்கியத்தின் வாலில் வருகிறது. அவர்கள் இல்லும் பெரும்பாலும் வாலில்தான்: ஹி இஸ் இல், ஷி ஃபெல் இல், ஹி வாஸ் டேக்கன் இல். ‘அன் இல் சைல்ட்’ என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். டீச்சரிடம் மாணவர்களுக்கான ஒரு பழைய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இருக்கிறது, பான்ஸோடான் தெரு நடைபாதையில் வாங்கியது, முதல் நாற்பது பக்கம் காணாது. நல்லவேளை இந்த இரண்டு சொல்லும் அந்த நாற்பதுக்குள் இல்லை. அதிலும் இதே கதையை இலக்கணக் குறி போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் குறியைப் படித்தால் எனக்கு ராத்திரிக்குள் மறந்துவிடும், சீக்குக் கோழி மறக்காது.

லீவ் ஃபாரத்துக்கும் அப்போதே பதில் கிடைத்துவிட்டது. ‘இல் லீவ்’ ஏன் இல்லை என்றால், லீவுக்கு முன்னால் வருகிற இடம் சீக்குக்கு உரியது. இதைச் சொல்ல அந்த ஏசி சென்டருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

நம் ஆட்கள் இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்கையில் பர்மியப் பிள்ளைகள் பாவம், சீக்குக் கோழியும் தெரியாது, சரியில்லையும் தெரியாது. டீச்சர் அவர்களிடம், நே மகௌன் பூ என்பதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். நே என்றால் இருப்பது, கௌன் என்றால் நல்லது, நடுவில் ம என்றால் இல்லை. இருப்பு நன்றாக இல்லை. அட, இது நம் உடம்பு சரியில்லைதானே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மொழியும் நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நன்றாக இருப்பது போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. மிச்சத்தை நீங்களே அவர்களுக்குப் பர்மியத்தில் விளக்குங்கள் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டு டீச்சர் டீ போடப் போய்விட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பத்து நிமிஷம் விளக்கி முடித்தபோதுதான், அதுவரை எனக்கே பாதிதான் புரிந்திருந்தது என்று தெரிந்தது.

அந்தப் பெண் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகத் தயாராகிறவள், விடவில்லை. ‘சயாமா, ஆஸ்பத்திரி பேப்பரில் கிரிட்டிக்கலி இல் பேஷன்ட் என்று படித்தேனே, அதில் இல் முன்னால்தானே வருகிறது?’ நாங்கள் எல்லோரும் டீச்சர் மாட்டிக்கொண்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குத் தனியாகப் போக வெட்கப்படுகிற ஆள், கூடத் துணைக்கு ஒருத்தர் வந்தால் முன்வரிசையில் போய் உட்கார மாட்டாரா என்றார். கிரிட்டிக்கலி, சீரியஸ்லி, டெர்மினலி, மென்டலி, இப்படி ஒரு துணை இருந்தால் இல்லும் முன்னால் வரும். இன்னொன்றும் சொன்னார்: இப்படிப்பட்ட பெரிய நோய்களுக்கு இங்கிலீஷ்காரர்கள் இல் என்ற சொல்லைத்தான் எடுப்பார்கள், சிக் எடுக்க மாட்டார்கள். புற்றுநோய்க்காரரைப் பற்றிச் சொல்லும்போது சிக் கொஞ்சம் இலேசாக இருக்கும். மனநோய் உள்ளவரைச் சிக் என்று சொன்னால் அது இலேசும் இல்லை, வசவு. ‘சிக் மைன்ட்’, ‘சிக் ஜோக்’ என்றால் வக்கிரம் என்றே பொருள். நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அடிபட்டவர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது. கால் ஒடிந்தவர் சிக்கும் இல்லை, இல்லும் இல்லை, அதற்கு இஞ்சர்ட்.

அப்புறம் துணையே இல்லாமல் முன்னால் வருகிற இல்லும் உண்டு. இல் லக், இல் ஹெல்த், இல் வில். இது வேறு சங்கதி, இங்கே நோய் இல்லை, ‘கெட்ட’ என்று பொருள். பொல்லாத வேளை என்கிறோமே, அந்தப் பொல்லாத. இல் என்ற சொல்லே இங்கிலீஷ்காரர்கள் வீட்டுச் சொத்து இல்லையாம், வைக்கிங் ஆட்கள் வடக்கேயிருந்து வந்து குடியேறியபோது கொண்டுவந்த நார்ஸ் மொழிச் சொல், கெட்ட என்பதுதான் அதன் பழைய பொருள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அது உடம்பு சரியில்லை என்பதற்கு வந்திருக்கிறது. சிக் ஆதியிலிருந்தே அங்கேயே பிறந்து வளர்ந்த சொல். வந்தேறிச் சொல் மரியாதையான இடத்திலும், மண்ணின் சொல் வாந்தியிலும் போய் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் தனக்குள் சிரித்துக்கொண்டார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் வந்தேறி என்று பேச்சு வாங்குகிற எங்களுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வேறு மாதிரிச் சிரிப்பு.

என் மெயில் விவகாரத்துக்கு வருகிறேன். அமெரிக்காக்காரர் என் மேலதிகாரியாக இருந்திருந்தால் எனக்கு இந்த மானக்கேடே வந்திருக்காது. அங்கே காய்ச்சலோ சளியோ எதுவானாலும் சிக்தான், இல் என்றால் கொஞ்சம் பெரிய நோய், கொஞ்சம் சட்டை போட்ட பேச்சு. குமட்டலைச் சொல்ல வேண்டுமென்றால் ‘சிக் டு மை ஸ்டமக்’ என்று வயிற்றையும் சேர்ப்பார்கள். இங்கிலாந்தில் ‘ஐ ஃபீல் சிக்’ என்றாலே பக்கத்தில் இருப்பவர் வாளியைத் தேடுவார். ஆனால் அதே இங்கிலாந்தில் ‘ஐ வாஸ் ஆஃப் சிக்’ என்றால் உடம்பு முடியாமல் வேலைக்கு வரவில்லை என்று பொருள், வாந்தி இல்லை. ஆக நான் எழுதியிருக்க வேண்டியது, ‘ஐ ஃபெல் இல் அட் வர்க்’. இன்றைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால், ‘ஐ ஆம் ஆஃப் சிக் டுடே’. இரண்டு எழுத்து முன்னே பின்னே போனதால் ஒரு கார்ப்பெட் நாறிப்போனது.

கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள் மூன்று பேர் வகுப்பில் இருக்கிறார்கள். ரங்கூனில் எந்த இங்கிலீஷ் வகுப்பில் எட்டிப் பார்த்தாலும் கப்பலுக்குப் போகும் பையன் ஒருவன் இருப்பான். அவர்களுக்காக சிக் பே (sick bay) என்ற சொல்லை எடுத்தார், முன்னால் வந்த சம்பள சிக் பே (sick pay) இல்லை, கப்பலில் நோயாளியைப் படுக்க வைக்கும் அறை. பின்னாலேயே சீசிக் வந்தது. பர்மியத்தில் இதற்கு அலைமயக்கம் என்கிற மாதிரி லைங் மூ என்று ஒரு சொல் உண்டு, பஸ்ஸில் தலைசுற்றினால் கா மூ, வண்டி மயக்கம். நாம் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடித்துவிடுவோம். சீசிக், கார்சிக், ஏர்சிக், இப்படி ஏதாவது வண்டியோடு சேர்ந்துவிட்டால் அமெரிக்காவிலும் சிக் குமட்டல்தான். ஆனால் ஹோம்சிக்? அதில் வாந்தி கிடையாது, ஏக்கம். எனக்கு உடனே எங்கள் அப்பாயி ஞாபகம் வந்தது. 1964ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அவருடைய தம்பி மதராசுக்குக் கப்பல் ஏறினார், அந்த வருஷங்களில் போன ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர். அப்பாயி அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார்: ‘அவனுக்குக் கப்பலும் ஒத்துக்கல, போன ஊரும் ஒத்துக்கல.’ இங்கிலீஷ்காரர்கள் இரண்டு சிக் போட்டுச் சொல்கிறதை அப்பாயி இரண்டு ஒத்துக்கலையில் சொல்லியிருக்கிறார். இதை வகுப்பில் சொன்னேன். டீச்சர் ஒன்றும் பேசாமல் பலகையில் எழுதிவைத்துக்கொண்டார்.

பொருளைவிட உச்சரிப்புக்குத்தான் அதிக நாள் பிடித்தது, அதுதான் பெரிய வேடிக்கையும். நம் வாயில் க், ட், ப் மாதிரி மெய்யெழுத்தோடு சொல் முடியாது, சிக்கு, புக்கு என்று ஒரு உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். பர்மியர்களுக்கு நேர் எதிர். சொல்லின் கடைசியில் வரும் க், ட், ப் எல்லாம் அவர்கள் தொண்டையிலேயே அடைத்துப் போகும், அதனால் சிக்கும் சிட்டும் சிப்பும் கேட்க ஒன்றாக இருக்கும். கப்பல் பையன் ஒருவன் ‘ஐ ஆம் சி’ என்று பாதியில் நிறுத்துவான், கூடவே நான் ‘ஐ ஆம் சிக்கு’ என்று நீட்டுவேன். டீச்சர் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். ‘அவனுக்கு வாலே இல்லை, உனக்கு முழம் நீள வால், ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க.’ உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னார். க் வரும்போது கையில் லேசாகக் காற்றுப் பட வேண்டும், ஆனால் குரல் வரக்கூடாது. அவனுக்குக் காற்றே படவில்லை, எனக்குக் காற்றோடு எச்சிலும். இருபது நிமிஷம் இப்படி ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிக், சிக் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவில் கரண்ட் வந்து, தெரு முழுக்க ‘மீ லா ப்யீ’ என்று வழக்கம்போலக் கூச்சல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் முதல் தடவையாக ஒழுங்காக ஒரு க் போட்டான். இப்போது என் வால் முக்கால்வாசி அறுந்திருக்கிறது. போனில் பேசும்போது மட்டும் முளைத்துவிடுகிறது.

ஒரு குறும்புக்காரப் பையன், போனில் விளையாடும்போது வெளிநாட்டுப் பசங்கள் ‘தட்ஸ் சிக்’ என்று பாராட்டுகிறார்களே, அது என்ன நோய் என்று கேட்டான். டீச்சருக்கு அது தெரிந்திருக்காது என்று நினைத்தோம். தெரிந்திருந்தது. ‘நல்லா ஆடுனா கொன்னுட்டான்னு சொல்றியே, யாரைக் கொன்னான்?’ என்று கேட்டு வாயை அடைத்தார். ஆனால் அதை மேலதிகாரிக்கு மெயிலில் எழுதிவிடாதே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சிக் ஆஃப் என்றால் சலித்துப்போச்சு என்பதையும் அன்றைக்கே போகிற போக்கில் சொல்லிவிட்டார், அதற்கு உதாரணம் கேட்டபோது படிக்கட்டைக் காட்டினார்.

குறைகள் இல்லாமல் இல்லை. படிக்கட்டு நிஜமாகவே மோசம், இருட்டு, மழைநாளில் வழுக்கும், முட்டிவலிக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டாம். ஐந்தரை மணி வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கியதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு முடிய வேண்டியது ஏழேகாலுக்கும் முடியாது, தாக்கேட்டா, தன்லின் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் பெரிய தலைவலி. கேட்டுப் பழகும் பயிற்சி என்று எதுவும் கிடையாது, டீச்சர் குரல் ஒன்றுதான், அவருடைய இங்கிலீஷோ பழைய ரேடியோ இங்கிலீஷ். ஜெராக்ஸ் தாள்கள் மூன்றாம் தலைமுறை நகல், பாதி எழுத்து எறும்பு மாதிரி. வெளிநாட்டுப் பரீட்சைக்கு மார்க் வாங்க வேண்டும், மூன்று மாதத்தில் சர்டிபிகேட் வேண்டும் என்றால் இங்கே வந்து காலத்தை வீணாக்காதீர்கள், இவரிடம் சர்டிபிகேட்டே கிடையாது. கேட்டால் ‘வாயைத் திற, அதுதான் சர்டிபிகேட்’ என்பார், அதை வைத்துக்கொண்டு ஏஜென்டிடம் போக முடியாது. இன்னொன்று, முகத்துக்கு நேரே திட்டுவார். புதிதாக வந்த ஒரு பெண் இரண்டாம் நாளே நின்றுவிட்டது, அதில் டீச்சர் பேரில் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

மாதம் அறுபதாயிரம் கியாட், வாரம் மூன்று நாள், டீ உண்டு, சில நாள் வடையும். ஏசி சென்டரில் நான் கட்டியதில் இது பாதிகூட இல்லை. முன்பணம் கேட்பதில்லை, மாதக் கடைசியில் ஒரு கவரில் போட்டுக் கிளிப்பில் மாட்டிவிடலாம். ஒரே சொல்லை ஒரு வாரம் அரைக்கப் பொறுமை இருப்பவர்கள், ஆபீஸில் ஏற்கெனவே இங்கிலீஷ் எழுதிக்கொண்டு உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று படிக்கட்டுக்கு.

போன மாதம் வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் படுத்தேன். மெயில் போடும் முன் கால் மணி நேரம் யோசித்து ‘ஐ ஆம் ஆஃப் சிக் டுடே’ என்று எழுதி அனுப்பினேன். ‘நோட்டட், கெட் வெல் சூன்’ என்று பதில் வந்தது, கார்ப்பெட் பேச்சு இல்லை.

வருகிறவர்கள் காளி கோயில் பூக்கடையில் டீச்சரம்மா என்று கேட்டால் வழி சொல்வார்கள். கயிறு இரண்டு தொங்கும், பச்சைக் கயிறுதான் டீச்சருடையது. நீலத்தை இழுத்துவிடாதீர்கள், அது மூன்றாவது மாடிப் பல் டாக்டர் வீடு, அவர் சாயங்காலம் தூங்குவார். பேனா கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், சீட்டு வரும்.